டெஸ்ட் எல்லாம் பச்சை, ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் பிரிவில் நடந்தது இது. வாடிக்கையாளர் பணம் செலுத்தியதும், வெளியார் நடத்தும் கூரியர் சேவையின் ஏபிஐயை (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) அழைத்து ஷிப்மென்ட் பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து டிராக்கிங் எண் வரும், அதை வைத்துக் கிடங்கில் லேபிள் அச்சாகும். இதற்கான பைதான் நிரலை ஒரு சின்னக் குழு கவனித்துவந்தது. சம்பவத்துக்குப் பிறகு ஆய்வு செய்ய உட்கார்ந்தவர்களில் நானும் ஒரு ஆள், அதற்கு முன் அந்த நிரலைத் தொட்டதில்லை. ஆட்கள், நிறுவனங்களின் பெயர் இங்கே வராது.

ஆரம்பத்தில் அவர்களுடைய டெஸ்டுகள், அதாவது நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிப்பவை (பாஸ் என்றால் பச்சை, தோற்றால் சிவப்பு), நேராகக் கூரியரின் சாண்ட்பாக்ஸைத்தான், சோதனைக்கென்று அவர்கள் தரும் தனிச் சேவையைத்தான், அழைத்தன. சாண்ட்பாக்ஸ் என்றாலே தெரியுமே, நமக்கு வேண்டிய நேரத்தில் படுத்துக்கிடக்கும். ஒரு முழு ஓட்டத்துக்கு அரைமணி நேரம் வரை ஆகும், நடுவில் எங்காவது கனெக்‌ஷன் அறுந்தால் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் சிவப்பாகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒருவர் உருவாக்கிய ஷிப்மென்ட் இன்னொருவர் எண்ணிக்கையைக் கெடுக்கும். கொஞ்ச நாளில் சிவப்பைப் பார்த்தால் ஏன் என்று யோசிக்காமல் மறுபடி ஓட்டு பட்டனை அமுக்குவது பழக்கமாகிவிட்டது. சிவப்பு வந்தும் யாரும் திரும்பிப் பார்க்காத நிலைமை அது.

அதனால் மாக் பக்கம் போனார்கள், அதாவது நிஜ சேவைக்குப் பதில், சொல்லிவைத்த பதிலையே தரும் ஒரு பொய்ப் பொருளை வைப்பது. இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் போஸ்ட் (புதிதாகப் பதிவு செய்யக் கேட்பது), கெட் (இருக்கும் தகவலைக் கேட்பது) இரண்டையும் பைதானோடு வரும் யூனிட்டெஸ்ட் மாக் கொண்டு மறைத்து, அந்த இடத்தில் மேஜிக்மாக் என்ற பொய்ப் பொருள்களை வைத்தார்கள். முழு ஓட்டமும் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது, காரணமில்லாத சிவப்பு நின்றது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் சொல்வேன். கோளாறு மாக் செய்ததில் இல்லை, எந்த இடத்தில் எதை நம்பி மாக் செய்தார்கள் என்பதில் இருந்தது.

என்ன நடந்தது

தள்ளுபடி விற்பனை நடந்த ஒரு மாலை. கூரியர் சேவை வழக்கத்தைவிட மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் விழுந்துவிடவில்லை. கண்காணிப்புத் திரையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. முதலில் கவனித்தது கிடங்கில் லேபிள் ஒட்டுபவர்: “ஒரே ஆளுக்கு ஒரே பொருளுக்கு ரெண்டு லேபிள் வருது, ரெண்டையும் அனுப்பவா?” என்று கேட்டு அழைத்தார். அதற்குள் கொஞ்சம் பார்சல்கள் இரட்டையாகவே வண்டியேறிவிட்டன.

அதே நேரத்தில் இன்னொரு புறம், வேறு சில ஆர்டர்கள் ‘செயலில் உள்ளது’ என்ற நிலையிலேயே நகராமல் நின்றன. அவற்றுக்கு லேபிளே வரவில்லை. ஒரு பக்கம் இரண்டு இரண்டாக, இன்னொரு பக்கம் ஒன்றுகூட இல்லாமல். இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்று எடுத்துக்கொண்டதில்தான் அன்று மாலை நிறைய நேரம் போனது. உண்மையில் அவை தனித்தனிக் கோளாறுகள், ஒரே மெதுவான சேவை இரண்டையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.

முதல் சந்தேகங்கள்

வாடிக்கையாளர் பட்டனை இரண்டு முறை அழுத்தியிருப்பார் என்பது முதல் ஊகம். ஆர்டர் அட்டவணையில் ஒரு வரிதான் இருந்தது, எனவே அது விழுந்தது. அடுத்து கியூ (வேலைகள் காத்திருக்கும் வரிசை) ஒரே செய்தியை இருமுறை கொடுத்திருக்கலாம் என்று பார்த்தார்கள். பெரும்பாலான கியூக்கள் ‘குறைந்தது ஒரு முறை’ கொடுப்பதைத்தான் உறுதி சொல்கின்றன, எனவே அது நியாயமான சந்தேகம். ஆனால் வரிசையிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் வொர்க்கரின் லாகில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவேடு) ஒவ்வொரு வேலையும் ஒரே முறைதான் எடுக்கப்பட்டிருந்தது.

மூன்றாவதாக ரிட்ரை, அதாவது தோற்ற கோரிக்கையை நிரலே மறுபடி அனுப்புவது. இதை யாரோ சொன்னவுடன் வந்த பதில், “அதுக்கு டெஸ்ட் இருக்கு, பாஸ் ஆகுது” என்பது. உண்மைதான், இருந்தது, பாஸும் ஆனது. அதனால் அந்தப் பக்கம் மேலும் ஒரு மணிநேரம் யாரும் போகவில்லை. டெஸ்ட் இல்லாமல் இருந்திருந்தால் சீக்கிரம் அங்கே போயிருப்பார்கள் என்பது இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம்.

லாகில் தெரிந்தது

இரட்டைப் பார்சல் போன ஒரு ஆர்டரை எடுத்து, நம் பக்க லாகையும் கூரியர் நிறுவனத்தின் ஆதரவுக் குழு அனுப்பிய லாகையும் நேர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நம் பக்கம் கோரிக்கை கிளம்பியது, ஐந்தாவது விநாடியில் ரீட் டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் முடிந்தது), உடனே ரிட்ரை, இரண்டாவது முயற்சிக்குச் சட்டென்று பதில் வந்து டிராக்கிங் எண் பதிவானது. அவர்கள் பக்கமோ முதல் கோரிக்கை ஒழுங்காக வந்து சேர்ந்து, ஏழாவது விநாடியில் வெற்றிகரமாக முடிந்திருந்தது. பதிலைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

ரீட் டைம்அவுட் என்றால் கோரிக்கை தோற்றது என்று அர்த்தமில்லை. என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். பதிவாகியும் இருக்கலாம், பதிவாகாமலும் போயிருக்கலாம். ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் இயங்கும் யூஆர்எல்லிப்3 நூலகம் தன் ரிட்ரை வசதியில் போஸ்டை இயல்பாகச் சேர்க்காமல் விட்டிருப்பது இதற்காகத்தான். கெட், புட், டெலீட் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு, போஸ்ட் கிடையாது. இந்தக் குழு ரிட்ரையைத் தானே எழுதிக்கொண்டதால் அந்தக் காப்பு இல்லாமல் போனது.

சரி, இந்த ஆபத்து குழுவுக்குத் தெரியாதா? தெரியும். கூரியர் ஏபிஐ ஒவ்வொரு பதிவுக் கோரிக்கையோடும் ஒரு ஐடெம்பொட்டன்சி கீ அனுப்பச் சொல்கிறது. அதே கீயுடன் மறுபடி வந்தால் புதிதாக எதையும் உருவாக்காமல் பழைய பதிலையே கொடுக்கும். நிரலில் அந்தக் கீயும் அனுப்பப்பட்டது. ஆனால் அது உருவாகும் வரி, ரிட்ரை லூப்புக்கு உள்ளே இருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் புத்தம்புது யூயூஐடி (திரும்ப வராத அடையாள எண்). கூரியர் சேவையைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு வேறு ஆர்டர்கள்.

அந்த டெஸ்டை அருகில் வைத்துப் பார்த்தால்

இதுதான் ஆய்வின் மையம், எனவே கொஞ்சம் விரிவாக. ரிட்ரை டெஸ்டில் மாக்குக்கு இரண்டு பதில்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன: முதல் அழைப்புக்கு டைம்அவுட் எக்ஸெப்ஷன், இரண்டாவது அழைப்புக்கு 201 (உருவாகிவிட்டது என்ற நிலை எண்), கூடவே ஒரு டிராக்கிங் எண். டெஸ்ட் சரிபார்த்தது மூன்று விஷயங்கள்: போஸ்ட் இருமுறை அழைக்கப்பட்டதா, டிராக்கிங் எண் திரும்பி வந்ததா, ஹெடரில் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) ஐடெம்பொட்டன்சி கீ இருந்ததா. மூன்றுக்கும் ஆம். இரண்டு அழைப்பிலும் ஒரே கீயா என்று அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை ஒரு வரியாகச் சேர்த்தால் தீர்ந்தது என்று குழுவில் ஒருவர் சொன்னார். சேர்த்தார்கள், டெஸ்ட் உடனே சிவப்பானது, நல்லது. ஆனால் கேட்கத் தோன்றிய பிறகு கேட்பது எளிது. அந்த மாக்குக்கு நினைவு கிடையாது. முதல் அழைப்பில் டைம்அவுட் வீசச் சொன்னால் வீசும், அத்தோடு அதன் உலகத்தில் முதல் ஷிப்மென்ட் என்ற ஒன்றே இல்லை. நிஜ சேவையில் முதல் கோரிக்கை ஒரு ஷிப்மென்ட்டை உருவாக்கிவிட்டு அப்புறம் தாமதிக்கிறது. அந்த மாக்கை எழுதியவர் டைம்அவுட் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தார், மாக்கும் அதையே திருப்பிச் சொன்னது. நிரலிலும் அதே நினைப்பு. ஒரே ஆள் ஒரே நாளில் எழுதிய இரண்டும் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நகராமல் நின்ற ஆர்டர்களின் கதை இன்னும் விநோதம். கோரிக்கைகள் அதிகமானதும் கூரியர் சேவை 429, அதாவது ‘கோரிக்கைகள் மிக அதிகம்’ என்ற பதிலை, அனுப்பத் தொடங்கியது. 2012இல் ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணம் வழியாக வந்த நிலை எண் இது, கூடவே எப்போது மறுபடி முயலலாம் என்று சொல்லும் ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் வரலாம். அந்த ஹெடரின் மதிப்பு இரண்டு விதமாக இருக்கலாம் என்று எச்டிடிபி விதிகள் சொல்கின்றன: இத்தனை விநாடி என்ற எண், அல்லது கிழமை, தேதி, மணி என்று நீண்டு ஜிஎம்டியில் முடியும் ஒரு வரி. இந்தச் சேவை அனுப்பியது தேதி வரி. நிரல் அதை நேராக முழு எண்ணாக மாற்றப் பார்த்தது, வேல்யூ எரர் வந்தது, அதைக் கையாள நிரலில் ஏற்பாடு இல்லாததால் வொர்க்கர் அந்த வேலையைத் தோல்வி என்று ஒதுக்கிவைத்தது, ஆர்டரின் நிலையோ மாறவில்லை.

429க்கும் டெஸ்ட் இருந்தது! அதில் பதில் ஒரு மேஜிக்மாக், நிலை எண் 429 என்று மட்டும் போட்டிருந்தார்கள், ஹெடர் எதுவும் வைக்கவில்லை. மேஜிக்மாக்கிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால் எரர் தராது, இன்னொரு மேஜிக்மாக்கைக் கொடுக்கும். அதை முழு எண்ணாக மாற்றினால்? 1 வரும். அதன் இயல்பு மதிப்பு அதுதான். ஆக நிரல் ஒரு விநாடி காத்திருக்கலாம் என்று முடிவு செய்தது, நிரலைக் காத்திருக்கவைக்கும் ஸ்லீப்பும் மாக் செய்யப்பட்டிருந்ததால் காத்திருக்கவும் இல்லை, இரண்டாவது முயற்சி வென்றது, டெஸ்ட் பச்சை. ஹெடரே இல்லாத ஒரு பதிலிலிருந்து அந்த ஹெடரின் மதிப்பை வெற்றிகரமாகப் படித்த டெஸ்ட்!

இதைப் பார்த்த பிறகு மற்ற டெஸ்டுகளையும் புரட்டினோம். நிலை எண் 500 (சர்வர் கோளாறு) என்று வைத்த மேஜிக்மாக் ஒன்று கிடைத்தது. பிழை நிலை எண் என்றால் எரர் வீச வேண்டிய அதன் ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸை நிரல் அழைக்கிறது, அதுவும் மாக் என்பதால் எதையும் வீசாமல் சும்மா இருந்துவிடுகிறது, நிரல் எல்லாம் சரி என்று மேலே போகிறது. சேவைக்கு முன்னால் நிற்கும் கேட்வே, பின்னாலிருந்து சரியான பதில் வரவில்லை என்று 502 அனுப்பும்போது, நிரல் படிக்கும் ஜேசன் வடிவத்துக்குப் பதில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் வரும் என்பது எந்த மாக்கிலும் இல்லை. எல்லா மாக்கும் எப்போதும் ஒழுங்கான ஜேசன் பேசின.

எடுத்த முடிவுகள்

அன்றிரவே செய்தது ஒன்றுதான்: பதிவுக் கோரிக்கையில் டைம்அவுட் வந்தால் தானாக ரிட்ரை செய்வதை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட ஆர்டர் ‘உறுதி தெரியவில்லை’ என்ற புது நிலைக்குப் போகும். அப்புறம் ஆர்டர் குறிப்பு எண்ணை வைத்துக் கூரியரிடம் ‘இது உங்களிடம் இருக்கிறதா’ என்று கெட் மூலம் கேட்டு, இல்லையென்றால் மட்டும் மறுபடி பதிவு. சில நிமிடம் தாமதம் ஆகும், ஆனால் இரண்டு பார்சலைவிடத் தாமதம் பரவாயில்லை. பிறகு ஐடெம்பொட்டன்சி கீயை ஆர்டரோடு சேர்த்து டேட்டாபேஸிலேயே எழுதிவைத்து, எத்தனை முயற்சி ஆனாலும் அதையே அனுப்பும்படி மாற்றினார்கள்.

டெஸ்டுகளை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். மூத்த ஒருவர், இது மாக்கின் குற்றமே இல்லை, கூரியர் ஏபிஐயின் ஆவணத்தைச் சரியாகப் படிக்காததன் விளைவு என்றார். பாதி சரி. கீயைப் பற்றி ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் ரிட்ரை-ஆஃப்டர் தேதியாக வரும் என்று அதில் எங்கும் இல்லை, கேட்வேயின் எச்டிஎம்எல் பற்றியும் இல்லை. அவை ஓடும்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் பழையபடி சாண்ட்பாக்ஸில் ஓட்டலாம் என்ற யோசனை உடனே கழிந்தது. அதன் துன்பத்தை எல்லோரும் பார்த்தவர்கள். அதோடு, பதிவை முடித்துவிட்டு ஏழு விநாடி தாமதமாகப் பதில் சொல் என்று சாண்ட்பாக்ஸிடம் கேட்க வழியில்லை.

அடுத்தது பதிவுசெய்து ஓட்டும் முறை, அதாவது விசிஆர்பை போன்ற ஒன்றை வைத்து நிஜப் பதில்களைக் கோப்பில் பிடித்துவைத்து டெஸ்டில் திருப்பிப் போடுவது. பதில்கள் நிஜமாக இருக்கும் என்பது பெரிய லாபம். இரண்டு கவலைகள் எழுந்தன. கோப்பில் அடையாள டோக்கனும் வாடிக்கையாளர் முகவரியும் சேர்ந்து பதிவாகி ரெப்போவுக்குள் (நிரலின் சேமிப்பகம்) போய்விடும், வடிகட்டி வைக்காவிட்டால். இன்னொன்று, பிடித்த அன்றைய பதிலோடு கோப்பு உறைந்துவிடும். பதில்களின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்று முடிவானது.

பேக்ட் போன்ற ஒப்பந்த டெஸ்ட் கருவியையும் ஒருவர் முன்வைத்தார். நல்ல கருவிதான், ஆனால் நாம் எழுதும் எதிர்பார்ப்பைச் சேவை நடத்துபவர் தம் பக்கம் ஓட்டிப் பார்த்தால்தான் அதற்குப் பலன். ஒரே நிறுவனத்தின் இரு குழுக்களுக்கிடையே அது நடக்கும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் வைத்திருக்கும் வெளியார் சேவை நம் ஒருவர் கோப்பை எடுத்து ஓட்டப்போவதில்லை.

கடைசியில் எடுத்தது நினைவுள்ள ஒரு போலிச் சேவையை எழுதும் முடிவு. டெஸ்டோடு சேர்ந்து எழும்பும் ஒரு சின்ன எச்டிடிபி சர்வர், உள்ளே ஒரு டிக்‌ஷனரி, அவ்வளவுதான். நிரல் நிஜமாகவே சாக்கெட் வழியாக அதோடு பேசும், ரிக்வெஸ்ட்ஸை யாரும் மறைப்பதில்லை. ‘சேமித்துவிட்டுத் தாமதி’, ‘சேமிக்காமலே அறு’, ‘429ஐத் தேதியோடு அனுப்பு’, ‘502ஐ எச்டிஎம்எல்லோடு அனுப்பு’ என்று அதனிடம் சொல்லலாம். ஐந்து விநாடி டைம்அவுட்டை டெஸ்டில் மட்டும் ஒரு விநாடியில் சிறு பங்காகக் குறைத்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் வேகம் போய்விடும். முக்கியமான மாற்றம், ரிட்ரை டெஸ்ட் இப்போது எத்தனை முறை அழைத்தாய் என்று கேட்பதில்லை. முடிவில் போலிச் சேவையிடம் போய், இந்த ஆர்டருக்கு உன்னிடம் எத்தனை ஷிப்மென்ட் இருக்கிறது என்று கேட்கிறது. ஒன்று என்றால் பாஸ். பழைய நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தபோது இரண்டு என்றது.

போலிச் சேவையும் நம் கற்பனைதானே, அது தப்பாக இருந்தால்? நியாயமான கேள்வி, இதைக் கேட்டவர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். அதற்காகத்தான் ஒரு தனி டெஸ்ட் தொகுப்பு: பதிவு செய், அதே கீயோடு மறுபடி பதிவு செய், இல்லாத எண்ணைக் கேள், தப்பான எடை கொடு என்று சேவையின் நடத்தையை மட்டும் சோதிப்பது. அதே தொகுப்பு ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் சேமிக்கும் மாற்றம்) போலிச் சேவை மேல் ஓடும், இரவில் ஒருமுறை சாண்ட்பாக்ஸ் மேல் ஓடும். இரண்டும் வேறுபட்டால் போலிச் சேவையைத் திருத்த வேண்டும். முதல் இரவே ஒன்று சிக்கியது. ஒரே கீயோடு இரண்டு கோரிக்கைகள் ஒரே சமயத்தில் போனால் இரண்டாவதற்கும் பழைய பதில் கிடைக்கும் என்று எழுதிவைத்திருந்தார்கள், சாண்ட்பாக்ஸோ முதலாவது முடியும்வரை இரண்டாவதற்கு 409 (மோதல் என்ற நிலை எண்) கொடுத்தது. நிரலில் 409க்கு எந்த ஏற்பாடும் இல்லை. சேர்த்தார்கள்.

மாக்கை முழுதாக விடவில்லை. கூரியரோடு பேசும் எல்லாவற்றையும் நம்முடைய ஒரே வகுப்புக்குள் அடைத்தார்கள். ஆர்டர் கணக்கு, மின்னஞ்சல் போன்ற மற்ற டெஸ்டுகள் அந்த வகுப்பைத்தான் மாக் செய்கின்றன, அதுவும் ஆட்டோஸ்பெக்கோடு, இல்லாத மெத்தடை அழைத்தால் எரர் வரும்படி. நமக்குச் சொந்தமில்லாததை மாக் செய்யாதே என்று இத்துறையில் ரொம்ப நாளாகச் சொல்வார்கள், நடைமுறையில் அது இப்படித்தான் வந்து நின்றது.

பின்னர்

இரவு ஓட்டம் சில நாள் சாண்ட்பாக்ஸ் படுத்ததால் சிவப்பானது. பழைய நோய் திரும்பிவிடும் என்ற பயத்தில், அது யாருடைய மெர்ஜையும் (மாற்றத்தை முக்கிய நிரலோடு இணைப்பது) தடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். கனெக்‌ஷனே கிடைக்காத சிவப்பும், பதில் மாறியதால் வந்த சிவப்பும் தனித்தனிச் செய்தியாக வரும். முதல் வகையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது வந்தால் அன்றைய பொறுப்பாளர் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது வகை ஒரு நாள் வந்தது. சாண்ட்பாக்ஸில் பதிவுக்கான பதிலில் டிராக்கிங் எண் நல் (null, வெற்று மதிப்பு) ஆக வரத் தொடங்கியிருந்தது, எண் பின்னால் தனியாக ஒதுக்கப்படும் முறைக்கு மாறியிருந்தார்கள். அறிவிப்பு மின்னஞ்சல் வராமல் இல்லை, ஒப்பந்தம் போட்ட வேறு பிரிவின் அஞ்சல்பெட்டிக்குப் போயிருந்தது. புரொடக்‌ஷனில் அந்த மாற்றம் வரும் முன் நிரலைத் திருத்த நேரம் கிடைத்தது.

செலவும் உண்டு. போலிச் சேவையும் பராமரிக்க வேண்டிய நிரல்தான். லேபிள் பிடிஎஃப், கட்டண மதிப்பீடு என்று எல்லாவற்றையும் அதில் சேர்க்கும் ஆசை எழுந்தது. நம் நிரல் உண்மையில் அழைப்பவற்றைத் தாண்டி ஒன்றும் அதில் சேரக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். முழு டெஸ்ட் ஓட்டம் முன்பைவிடக் கொஞ்சம் நீண்டது, யாரும் குறைசொல்லும் அளவுக்கு இல்லை.

மாற்ற வேண்டியவை

இப்போது கோட் ரிவ்யூவில் போலிப் பதில் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கட்டாயம்: இது எங்கிருந்து வந்தது? ஆவணமா, சாண்ட்பாக்ஸா, புரொடக்‌ஷன் லாகா, ஊகமா என்று பக்கத்திலேயே குறிப்பு எழுத வேண்டும். ஊகம் என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் எழுத வேண்டும். இதை மாக் பக்கம் மாறிய நாளிலேயே வைத்திருந்தால் அந்த ஹெடரில்லாத 429 ரிவ்யூவைத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

சாண்ட்பாக்ஸ் காட்டாத விஷயங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அது 429 அனுப்பியதே இல்லை, எனவே இரவு ஓட்டம் அந்தப் பகுதியைச் சரிபார்க்காது. அதற்குப் புரொடக்‌ஷனில் வரும் வெற்றியல்லாத பதில்களின் நிலை எண், ஹெடர், உடலின் முதல் சில வரிகளைத் தனிப்பட்ட விவரம் நீக்கிச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். புது வடிவம் ஒன்று தென்பட்டால் அது போலிச் சேவைக்குள் போகும்.

பாக்கியிருப்பது ஒன்று. கூரியர் ஐடெம்பொட்டன்சி கீயை 24 மணி நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். தோல்வி வரிசையில் கிடந்த வேலையை இரண்டு நாள் கழித்து யாராவது கையால் மறுபடி ஓட்டினால் அதே கீ போனாலும் புது ஷிப்மென்ட் உருவாகும். கையால் ஓட்டும் கருவியும் முதலில் கெட் செய்து கேட்டுவிட்டே பதிவு செய்ய வேண்டும் என்று டிக்கெட் போட்டாயிற்று. போலிச் சேவைக்கு ஒரு பொய்க் கடிகாரம் வைத்து, 25 மணி நேரத்தைத் தள்ளிவிட்டுச் சோதிக்கும் டெஸ்ட் எழுதப்பட்டுவிட்டது, கருவி இன்னும் மாற்றப்படாததால் அது இப்போதைக்குச் சிவப்பாகத்தான் இருக்கிறது.